பதினெட்டா, இருபத்திரண்டா? தோற்கும் கல்லூரி அணிக்கு ஆள் சேர்க்கும் கதை

அனைவருக்கும் வணக்கம். ஃபுட்பால் என்று நான் சொல்வது ஹெல்மெட்டும் தோள் கவசமும் மாட்டிக்கொண்டு முட்டை வடிவப் பந்தோடு மோதிக்கொள்ளும் அமெரிக்க ஆட்டத்தை. விதிகள் தெரியாதவர்கள் கவலைப்பட வேண்டாம். எனக்கே சில விதிகள் இன்னும் குழப்பம்தான். இன்றைக்குப் பேச்சு ஆட்டத்தைப் பற்றி இல்லை, ஆள் பிடிப்பதைப் பற்றி.

அங்கே தொழில்முறை லீக்கில், அதாவது என்எஃப்எல்லில், ஒரு நல்ல ஏற்பாடு உண்டு. கடைசி இடத்தில் முடித்த அணிக்குத்தான் அடுத்த ஆண்டு புது வீரர்களில் முதல் ஆளை எடுக்கும் உரிமை. கல்லூரி ஃபுட்பாலில் அந்தக் கருணையெல்லாம் கிடையாது. பள்ளி முடிக்கும் பையன் எந்தக் கல்லூரிக்குப் போவது என்று தானே முடிவு செய்வான். அவன் ஜெயிக்கும் கல்லூரிக்குத்தான் போவான். அது மேலும் ஜெயிக்கும். தோற்கும் கல்லூரிக்கு மிச்சம் மீதிதான்.

அதனால் பயிற்சியாளர் பையனின் வீட்டுக்கே போய் சோஃபாவில் உட்கார்ந்து பேசுகிறார். கிட்டத்தட்ட பெண் பார்க்கப் போவதுபோலத்தான். அம்மா டிகிரியைப் பற்றிக் கேட்பார், அப்பா காயம் பட்டால் ஸ்காலர்ஷிப் என்ன ஆகும் என்பார், பையன் போனைப் பார்த்துக்கொண்டிருப்பான். பெரிய கல்லூரிக்காரர் விரலில் சாம்பியன்ஷிப் மோதிரத்தோடு வருவார். அவர் பேசவே வேண்டாம், மோதிரம் பேசும். போன சீசனில் ஒரு ஆட்டம்கூட ஜெயிக்காத கல்லூரிக்காரர் என்ன சொல்ல முடியும்? அவரிடம் இருப்பது ஒரே சரக்கு: "எங்களிடம் வந்தால் முதல் வருடமே களத்தில் இறங்கலாம்."

கேட்க நன்றாக இருக்கிறது. என் கருத்தில் அணியைக் கவிழ்ப்பதே இந்த வாக்குறுதிதான். பதினெட்டு வயதுப் பையனுக்குத் திறமை இருக்கும், வேகம் இருக்கும். ஆனால் முன்வரிசையில் நின்று மோதும் உடம்பு அவனுக்கு இன்னும் வரவில்லை. எடை தூக்கிச் சாப்பிட்டு அந்த உடம்பைக் கட்ட இரண்டு மூன்று வருடம் ஆகும். அதனால்தான் வசதியுள்ள கல்லூரிகள் புதுப் பையனை ஒரு வருடம் ஆடவிடாமல் பயிற்சியில் மட்டும் வைத்திருக்கும். அதற்கு ரெட்ஷர்ட் என்று பெயர். ஏழை அணிக்கு அந்தப் பொறுமைக்கு வழியில்லை.

1989ஆம் ஆண்டை எடுத்துக்கொள்வோம். அந்த ஒரே ஆண்டில் இரண்டு கல்லூரிகள் அடிமட்டத்திலிருந்து எழ முயன்றன.

ஒன்று டாலஸ் நகரத்தின் சதர்ன் மெதடிஸ்ட் பல்கலைக்கழகம், சுருக்கமாக எஸ்எம்யூ. அங்கே வீரர்களுக்கு ரகசியமாகப் பணம் கொடுத்து வந்தார்கள். பிடிபட்ட பிறகும் நிறுத்தவில்லை. டெக்சஸ் ஆளுநர் பில் கிளெமெண்ட்ஸே, தாம் பல்கலைக்கழக நிர்வாகக் குழுவில் இருந்தபோது அதைத் தொடர ஒப்புக்கொண்டதாகப் பின்னர் சொன்னார். 1987 சீசனையே கல்லூரி விளையாட்டு அமைப்பான என்சிஏஏ ரத்து செய்தது. 1988இல் ஆட முடியாது என்று கல்லூரியே விலகிக்கொண்டது. இருந்த வீரர்கள் வேறு கல்லூரிக்குப் போகலாம் என்றானதும் மற்றப் பயிற்சியாளர்கள் வளாகத்துக்கே வந்து அவர்களை அள்ளிக்கொண்டு போனார்கள்.

1989இல் மறுபடி களமிறங்கியபோது அணியில் பெரும்பாலும் முதலாண்டுப் பையன்கள். பயிற்சியாளர் ஃபாரஸ்ட் கிரெக் அதே கல்லூரியின் பழைய மாணவர், என்எஃப்எல்லின் கிரீன் பே பேக்கர்ஸ் அணியின் புகழ்பெற்ற வீரர். என்ன செய்ய? அக்டோபரில் ஹூஸ்டன் அணி அந்தப் பையன்களை 95-21 என்று அடித்தது. ஒரே ஆட்டத்தில் ஹூஸ்டன் ஓடியும் எறிந்தும் மொத்தம் 1,021 கெஜம் முன்னேறியது. மைதானத்தின் நீளமே 100 கெஜம்தான். பையன்கள் இரண்டு ஆட்டங்களில் ஜெயிக்கவும் செய்தார்கள், அதைச் சொல்லாமல் விடக்கூடாது. ஆனால் 1989 முதல் 2008 வரை 20 சீசன்களில் ஒரே ஒரு சீசனில்தான் அந்த அணியின் வெற்றிகள் தோல்விகளைவிட அதிகம்.

இன்னொன்று கேன்சஸ் ஸ்டேட் பல்கலைக்கழகம். சிறிய ஊர், சுற்றிலும் கோதுமை வயலும் மேய்ச்சல் நிலமும். முந்தைய இரண்டு சீசன்களில் ஒரு வெற்றிகூட இல்லை. நாட்டிலேயே அதிகமாகத் தோற்ற பெரிய கல்லூரி அணி என்ற பெயர் வேறு. அங்கே பில் ஸ்னைடர் வந்தார். 49 வயது, அதுவரை ஐயோவாவில் துணைப் பயிற்சியாளர். முதல் சீசனில் ஒரு வெற்றி, பத்து தோல்வி. அடுத்தது ஐந்து வெற்றி, அதற்கடுத்தது ஏழு. 1993 முதல் 2003 வரை தொடர்ந்து 11 ஆண்டுகள் சீசன் முடிவில் நடக்கும் பவுல் ஆட்டங்களுக்கு அணி தகுதி பெற்றது.

மனிதர் எப்படிச் செய்தார்? பலவிதமாகச் செய்தார். சீசன் தொடக்கத்தில் எளிய எதிரிகளாகப் பார்த்து அட்டவணை போட்டார். அதற்காகப் பலர் கேலி செய்தார்கள். எனக்கு அதில் தப்பு தெரியவில்லை. தோற்றே பழகியவர்களுக்கு ஜெயிப்பதும் ஒரு பழக்கமாக வேண்டும் அல்லவா? ஆனால் ஆள் எடுப்பதில் அவர் பிடித்த வழிதான் முக்கியம்: ஜூனியர் காலேஜ்.

அமெரிக்காவில் இரண்டாண்டு சமுதாயக் கல்லூரிகள் உண்டு. மார்க் போதாதவன், உயரம் போதாதவன், பள்ளியில் யார் கண்ணிலும் படாதவன் எல்லோரும் போய்ச் சேரும் இடம். கேன்சஸ் மாநிலத்திலேயே கார் ஓடும் தூரத்தில் பட்லர், கார்டன் சிட்டி, கோஃபிவில், ஹட்சின்சன், டாட்ஜ் சிட்டி என்று வரிசையாக இருக்கின்றன. பெரிய கல்லூரிகள் அந்தப் பக்கம் அதிகம் திரும்புவதில்லை. இரண்டு வருடம்தானே ஆடுவான், இதற்கு ஒரு ஸ்காலர்ஷிப்பா என்பது அவர்கள் கணக்கு. ஸ்னைடர் கணக்கு வேறு: இவனுக்கு வயது இருபது தாண்டிவிட்டது, உடம்பு முற்றிவிட்டது, இரண்டு சீசன் ஆடிய வீடியோ கையில் இருக்கிறது, யூகிக்க வேண்டியது குறைவு.

மைக்கேல் பிஷப் நல்ல எடுத்துக்காட்டு. டெக்சஸில் பிளின் காலேஜ் என்ற ஜூனியர் காலேஜில் தொடர்ந்து இரண்டு தேசியப் பட்டம் வென்ற குவார்ட்டர்பேக், அதாவது பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவர். 1998இல் அவரை வைத்து கேன்சஸ் ஸ்டேட் வழக்கமான சீசனில் ஒரு ஆட்டம்கூடத் தோற்கவில்லை. 1968க்குப் பிறகு ஒருமுறைகூட வெல்ல முடியாத நெப்ராஸ்காவை 40-30 என்று வென்றது. அந்த ஆண்டின் சிறந்த வீரருக்கான ஹெய்ஸ்மன் விருதுத் தேர்வில் பிஷப் இரண்டாமிடம்.

சரி, இது பழைய கதை. இப்போது விதியே மாறிவிட்டது. 2018இல் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் என்ற இணையப் பட்டியல் வந்தது. கல்லூரி மாற விரும்பும் வீரன் அதில் பெயரைப் போட்டால் போதும். 2021 முதல் மாறியவன் ஒரு வருடம் உட்கார்ந்திருக்கவும் வேண்டாம், தன் பெயரை வைத்து விளம்பரப் பணமும் வாங்கலாம். ஸ்னைடர் ஜூனியர் காலேஜ்களில் தேடிய ஆள் இப்போது நாடு முழுக்கக் கிடைக்கிறான்.

இதை இண்டியானா பல்கலைக்கழகப் பயிற்சியாளர் கர்ட் சிக்னெட்டி அளவுக்குப் பயன்படுத்தியவர் யாருமில்லை என்பேன். அலபாமாவில் புகழ்பெற்ற பயிற்சியாளர் நிக் சேபனிடம் ஆள் சேர்க்கும் பொறுப்பில் இருந்தவர். நட்சத்திரப் பையன்களைத் துரத்தும் தொழிலை உச்சத்தில் பார்த்தவர். அதை விட்டுவிட்டு இரண்டாம் பிரிவுக் கல்லூரி ஒன்றுக்குத் தலைமைப் பயிற்சியாளராகப் போனார். அப்புறம் ஈலான், அப்புறம் ஜேம்ஸ் மேடிசன். 2023 முடிவில் இண்டியானாவுக்கு வந்தபோது அந்த அணி 3 வெற்றி, 9 தோல்வியில் இருந்தது. வரும்போதே ஜேம்ஸ் மேடிசனில் தம்மிடம் ஆடிய 13 பேரைக் கையோடு கூட்டி வந்தார். அவர் கேட்டதெல்லாம் இவன் இதுவரை என்ன செய்து காட்டியிருக்கிறான் என்பதைத்தான். நாளைக்கு என்ன ஆவான் என்ற ஜோசியம் அவருக்கு வேண்டாம். முதல் சீசனே 11 வெற்றி, 2 தோல்வி.

அடுத்த ஆண்டு கலிஃபோர்னியாவின் பெர்க்லியிலிருந்து ஃபெர்னாண்டோ மெண்டோசாவை எடுத்தார். பள்ளியில் ஐந்துக்கு இரண்டு நட்சத்திர மதிப்பீடு பெற்று, முதலில் யேல் பல்கலைக்கழகத்துக்குப் போவதாக இருந்த பையன். மயாமி ஊர்க்காரன், மயாமி பல்கலைக்கழகம் கண்டுகொள்ளவில்லை. 2025இல் ஹெய்ஸ்மன் அவருக்குத்தான். 2026 ஜனவரியில் மயாமி தன் சொந்த மைதானத்தில் ஆடிய தேசிய இறுதி ஆட்டத்தில் இண்டியானா 27-21 என்று வென்றது. 16 ஆட்டம், 16 வெற்றி.

இதைக் கேட்டு எல்லோரும் போர்ட்டலில் போய் ஆளை அள்ளினால் போதுமா? போதாது. கொலராடோவில் பயிற்சியாளர் டியான் சாண்டர்ஸ் 2023இல் ஐம்பதுக்கும் மேற்பட்டவர்களைக் கொண்டுவந்தார். முதல் சீசன் 4-8, அதாவது 4 வெற்றி, 8 தோல்வி; இரண்டாவது 9-4, மூன்றாவது 3-9. ஃப்ளோரிடா ஸ்டேட் 2023இல் 13-1. போர்ட்டலை நம்பியே அடுத்த அணியைக் கட்டி 2024இல் 2-10க்கு இறங்கியது. சிக்னெட்டியின் 13 பேருக்கு அவருடைய பயிற்சி முறை ஏற்கெனவே தெரியும், ஒருவரையொருவர் தெரியும். வயது முதிர்ந்தவர்கள் என்பது பாதி. சேர்ந்து ஆடிப் பழகியவர்கள் என்பது மறுபாதி. அந்த மறுபாதி போர்ட்டலில் விற்பனைக்கு இல்லை.

எனக்கு உறுத்துவது ஒன்று உண்டு. ஒரு பயிற்சியாளர் முப்பது பேரைக் கொண்டுவந்தால் ஏற்கெனவே இருந்த முப்பது பேர் கிளம்ப வேண்டும். அவர்களும் யாரோ ஒருவர் வீட்டு சோஃபாவில் உட்கார்ந்து வாக்குக் கொடுத்து அழைத்து வந்தவர்கள்தான். பள்ளி முடித்து வரும் பதினெட்டு வயதுக்காரனுக்கும் இடம் சுருங்குகிறது. இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயது ஆள் கிடைக்கும்போது அவனை வளர்க்க யார் காத்திருப்பார்கள்? கல்லூரி அணியில் இத்தனை ஆண்டுதான் ஆடலாம் என்ற வரம்பில் ஜூனியர் காலேஜில் ஆடிய ஆண்டுகளைச் சேர்க்கக் கூடாது என்று வாண்டர்பில்ட் பல்கலைக்கழகக் குவார்ட்டர்பேக் டியேகோ பவியா வழக்குப் போட்டார். 2024 டிசம்பரில் நீதிமன்றம் அவருக்குச் சாதகமாக இடைக்கால உத்தரவு தந்தது. அவர் இன்னொரு ஆண்டு ஆடி, ஹெய்ஸ்மன் தேர்வில் மெண்டோசாவுக்கு அடுத்து வந்தார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அவருக்குப் பின்னால் பெஞ்சில் காத்திருந்த பையனைப் பற்றி யாராவது கேட்டால் என்னிடம் நல்ல பதில் இல்லை.

கேள்விகள் இருந்தால் இப்போது கேட்கலாம்.