சாவிக்கொத்து யார் வீட்டில் தொங்குகிறது?

எல்லாருக்கும் வணக்கம். என்னை அறிமுகப்படுத்திய நண்பர் "ஆறு வருஷம் தன்னலமில்லாமல் உழைத்த செயலாளர்" என்றார். அதைக் கேட்டதும் மூன்றாவது வரிசையில் என் மனைவி சிரித்தது இங்கிருந்தே தெரிந்தது. அவர் சிரித்ததில் நியாயம் இருக்கிறது, அதைத்தான் இன்றைக்குப் பேசப்போகிறேன்.

எங்களுடையது சென்னையில் மேடவாக்கம் பக்கம் 64 வீடுகள் உள்ள அடுக்குமாடிக் குடியிருப்பு. 64 என்பது ரெண்டும் கெட்டான் எண்ணிக்கை. ஐந்நூறு வீடு இருந்தால் சம்பளத்துக்கு மேனேஜர் வைத்துவிடலாம், எட்டு வீடு என்றால் மாடிப்படியில் நின்றே பேசி முடித்துவிடலாம். நடுவில் இருக்கும் எங்களைப் போன்றவர்களுக்கு இரண்டு வாட்ச்மேன், கூப்பிட்டால் எப்போதாவது வரும் ஒரு பிளம்பர், அப்புறம் குடியிருப்போர் சங்கச் செயலாளர். இங்கே வந்திருப்பவர்களில் பாதிப் பேர் அந்தக் கடைசி ஆள் என்று நினைக்கிறேன்.

2018 பொதுக்குழுவில் யாரும் கை தூக்காததால் நான் தூக்கினேன். அடுத்த வருஷமே தண்ணீர்ப் பஞ்சம். 2019 ஜூன் உங்களுக்கு நினைவிருக்கும், புழல், செம்பரம்பாக்கம், பூண்டி, சோழவரம் நான்கு ஏரிகளும் வறண்டு கிடந்தன. எங்கள் போர்வெல்லில் காற்றுதான் வந்தது. 12,000 லிட்டர் தனியார் லாரிக்கு எங்களிடம் ஐயாயிரம் ரூபாய் கேட்டார்கள், அதையும் கெஞ்சித்தான் வாங்கினோம். லாரி இரவு இரண்டு மணிக்கு வரும். யாராவது இறங்கிப் போய் சம்ப் மூடியைத் திறந்துவிட்டு, முழு லோடும் இறங்குகிறதா என்று நின்று பார்த்து, ரசீதில் கையெழுத்துப் போட வேண்டும். நான் வேலை விஷயமாகக் கோயம்புத்தூர் போயிருந்த நாட்களில் டிரைவர் எனக்குப் போன் செய்வார், நான் வீட்டுக்குப் போன் செய்வேன், என் மனைவி நைட்டி மேல் துண்டைப் போட்டுக்கொண்டு டார்ச்சோடு இறங்கிப் போவார். அந்த வருஷப் பொதுக்குழுவில் சால்வை எனக்குப் போட்டார்கள்.

பொறுப்புக்குக் கை தூக்கியவன் நான் ஒருவன்தான். வீட்டில் மற்ற யாரும் தூக்கவில்லை. ஆனால் காலிங் பெல் அடித்தால் கதவைத் திறப்பது அவர்கள்தான். "சார் இல்லியா மேடம்? சும்மா ஒரு நிமிஷம், பி பிளாக் லிஃப்ட் பத்தி..." என்று ஆரம்பிக்கிறவருக்குப் பதில் சொல்லிச் சொல்லியே என் மனைவிக்கு லிஃப்ட் பராமரிப்பு ஒப்பந்தம் முடியும் தேதி மனப்பாடமாகிவிட்டது. எனக்கு அது தெரியாது.

ஒரு நாளை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். 2022இல் என் அப்பாவின் திதி. எங்கள் வீட்டில் காக்காய்க்குச் சோறு வைத்து, அது எடுத்த பிறகுதான் மற்றவர்கள் சாப்பிடுவோம். இலையில் சோறு, வடை, எள்ளுருண்டை எல்லாம் எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போனால் ஓவர்ஹெட் டேங்க் நிரம்பி வழிந்துகொண்டிருக்கிறது. அவ்வளவுதான், அப்பா மறந்துபோனார். இலையை மோட்டார் ரூம் திண்டில் வைத்துவிட்டுக் கீழே ஓடினேன். வாட்ச்மேன் டீக்கடையில் இருந்தார், மோட்டார் ஸ்விட்ச் சூடாகி ஒட்டிக்கொண்டிருந்தது, மெயினை அணைத்ததில் ஏ பிளாக்கில் ஒருவர் சண்டைக்கு வந்தார். எல்லாம் முடித்து வீட்டுக்குள் நுழைந்தபோது மணி இரண்டேகால். சர்க்கரை உள்ள என் அம்மா காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடாமல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். "காக்கா எடுத்துச்சாப்பா?" என்று கேட்டார். நான் பார்க்கவே இல்லை. "எடுத்துச்சு" என்றேன்.

திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது.

சரி, இதற்குக் குடியிருப்பவர்களைக் குறை சொல்லலாமா? கொஞ்சம் சொல்லலாம். பராமரிப்புக் கட்டணத்துக்கு ஜிஎஸ்டி உண்டா என்று இரவு பதினொன்றரைக்குக் குரூப்பில் கேட்பவரை என்ன செய்வது? ஒரு வீட்டுக்கு மாதம் 7,500 ரூபாய் வரை வரி இல்லை, நாம் வாங்குவது 3,200 என்று நானும் எத்தனை முறைதான் எழுதுவது! ஆனால் அந்த நேரத்தில் பதில் எழுதியது யார்? காலையில் பொருளாளர் எழுதியிருப்பார், அவருக்கு விடவில்லை நான்.

1975ஆம் வருஷத்துத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், நிர்வாகக் குழுவில் குறைந்தது மூன்று பேர் வேண்டும், குழுவின் காலம் மூன்று வருஷத்தைத் தாண்டக்கூடாது என்கிறது. எங்கள் குழுவில் ஏழு பேர், காகிதத்தில். காலம் முடிந்தால் மறுபடி தேர்ந்தெடுக்கத் தடையில்லை, அந்த வழியாகத்தான் 2021இல் நான் மறுபடி உள்ளே வந்தேன். "சார் இல்லன்னா இந்த அபார்ட்மெண்ட் நடக்காது" என்று யாரோ சொன்னார்கள். அந்த வார்த்தையின் போதை இருக்கிறதே, ஆபீஸில் இருபது வருஷ வேலைக்கு அப்படி ஒரு வார்த்தை எனக்குக் கிடைத்ததில்லை. மோட்டார் ரூம், ஜெனரேட்டர், மொட்டை மாடி, எல்லாச் சாவியும் ஒரே கொத்தாக என் வீட்டுக் காலண்டர் ஆணியில் தொங்கியது. எந்த வால்வு எந்த பிளாக்குக்கு என்பது என் தலைக்குள் மட்டும் இருந்தது. யாரும் கேட்கவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தேன், நான் சொல்லவில்லை என்பதுதான் உண்மை.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது நான் காய்ச்சலில் படுத்திருந்தேன். கரண்ட் இல்லை, சிக்னல் இல்லை, என்னைக் கூப்பிட யாருக்கும் வழியில்லை. சி பிளாக் பையன்கள் ஜெனரேட்டருக்கு டீசல் பிடித்து வந்திருக்கிறார்கள், கீழே இருந்த கார்களை நகர்த்தியிருக்கிறார்கள், தரைத்தளத்து வீடுகளில் இருந்தவர்களை மாடி வீடுகளுக்குப் பிரித்து அனுப்பியிருக்கிறார்கள். ஜெனரேட்டர் ரூம் பூட்டை உடைத்திருக்கிறார்கள். மூன்றாம் நாள் அதைக் கேட்டதும் எனக்கு வந்தது நிம்மதி இல்லை, கோபம். பூட்டை உடைத்ததற்காக அரை மணி நேரம் கத்தினேன். கத்தி முடித்துவிட்டுத் திரும்பினால் என் மனைவி ஆணியில் தொங்கும் சாவிக்கொத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்.

அந்த வாரமே சாவிகள் வாட்ச்மேன் ரூமுக்குப் போயின. வால்வுகளுக்குப் பெயிண்டில் பிளாக் பெயர் எழுதினோம். ஆயிரம் ரூபாய் பட்டன் போன் ஒன்று வாங்கிச் சங்கத்துக்கென்று நம்பர் போட்டு, வாரம் ஒருவர் என்று குழுவில் மாற்றிக்கொண்டோம். இரண்டு பேர் முறை வரும்போது போனை எடுக்கவே மாட்டார்கள், அதையும் சொல்லிவிடுகிறேன். 2024இல் பொறுப்பை விட்டேன். புதுச் செயலாளர் என்னைவிட மெதுவாக வேலை செய்கிறார், லாரிக்காரர் அவரை இரண்டு தடவை ஏமாற்றினார், வாயைத் திறக்காமல் இருப்பது எனக்குப் பெரும்பாடாக இருந்தது.

போன மாதம் அப்பாவின் திதி வந்தது. மாடிக்குப் போனதும் கண் முதலில் டேங்க்கைத்தான் பார்த்தது, பொய் சொல்லமாட்டேன். வழியவில்லை. சோற்றை வைத்துவிட்டு நின்றேன். காக்காய் வர இருபது நிமிஷம் ஆனது. அம்மா அன்றைக்கும் தாமதமாகத்தான் சாப்பிட்டார், ஆனால் இந்த முறை பழி காக்காய் மேல்.