காசு போன வழி

நேயர்களுக்கு வணக்கம். தொழிலால் நான் ஆடிட்டர். ஜே.சி. குமரப்பாவைப் பற்றிப் பேசக் கூப்பிட்டதும் உடனே ஒப்புக்கொண்டேன். காந்தியப் பொருளாதார அறிஞர் என்று ஊர் சொல்லும். எனக்கு அவர் எங்கள் தொழில்காரர்.

1892-ல் தஞ்சாவூரில் பிறந்தவர். லண்டனில் கணக்கியல், அமெரிக்காவில் கொலம்பியா பல்கலைக்கழகப் படிப்பு, பம்பாயில் தணிக்கைத் தொழில். இந்தியாவின் வறுமைக்கு ஆங்கிலேயர் போட்ட வரவுசெலவு எப்படிக் காரணம் என்று ஓர் ஆய்வு எழுதி, 1929-ல் சபர்மதிக்குக் கொண்டுபோனார். மரத்தடியில் கிழவர் ஒருவர் நூற்றுக்கொண்டிருந்தார். அவர்தான் காந்தி என்று தெரிந்ததும், பட்டு சூட்டோடு அப்படியே சாணி மெழுகிய தரையில் உட்கார்ந்தார். சூட் அதோடு சரி, பிறகு கதர்தான்.

1934-ல் அகில இந்திய கிராமத் தொழில் சங்கம் தொடங்கியபோது பொறுப்பு இவரிடம் வந்தது. அதன் தலைமையிடம் வார்தாவில் இருந்த மகன்வாடி. செக்கு, கைக்காகிதம், தேன்கூட்டுப் பெட்டி என்று அங்கே நடந்த ஒவ்வொன்றுக்கும் பின்னால் தணிக்கைக்காரரின் கேள்விதான்: காசு எங்கே போகிறது? விளக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். மண்ணெண்ணெய் வாங்கினால் காசு கம்பெனிக்குப் போகும், ஊர் திரும்பாது. வேலியோரம் உதிர்ந்த புங்கங்கொட்டையை ஆட்டினால் பொறுக்கியவருக்குக் கூலி, செக்காட்டியவருக்கும் கூலி. அதற்காகவே தாவர எண்ணெயில் எரியும் 'மகன் தீபம்' விளக்கை அங்கே உருவாக்கினார்கள்.

சிறையில் இருந்தபோது எழுதியதுதான் 'நிலைத்த பொருளாதாரம்'. புலியும் குரங்கும் தேனீயும் அதில் பொருளாதாரப் பாடம் நடத்துகின்றன. மாந்தோப்பில் புகுந்து தின்றுவிட்டுப் போகும் குரங்கை எந்தக் கம்பெனியோடு ஒப்பிடுவது என்று வாசகரே முடிவு செய்துகொள்ளலாம்.

ஓர் இடத்தில் மட்டும் அவரோடு எனக்குச் சண்டை. குத்தரிசிக்காக அவர் அவ்வளவு வாதாடினார். தீட்டிய அரிசியில் தவிட்டோடு சத்தும் போகிறது என்பது உண்மைதான். ஆனால் என் பாட்டியின் உள்ளங்கையில் உலக்கை பிடித்த காய்ப்பு கடைசிவரை ஆறவில்லை. ஊருக்கு மில் வந்த அன்று அவர் அழவில்லை. செக்கை மாற்றி அமைத்து மாட்டுக்கும் ஆளுக்கும் பாரம் குறைத்தவர்கள் மகன்வாடிக்காரர்கள். உலக்கைக்கும் ஒரு வழி கண்டிருக்கலாம்.

கடைசிக் காலம் மதுரைப் பக்கம் டி. கல்லுப்பட்டியில். 1960 ஜனவரி 30-ல், காந்தி மறைந்த அதே தேதியில், காலமானார்.

போன வாரம் மரச்செக்கு எண்ணெய் வாங்கப் போனேன். கடலை எந்த ஊருடையது என்று கடைக்காரரிடம் கேட்டேன். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "மண்டியிலிருந்து மூட்டையாக வருது சார். உங்களுக்கு அரை லிட்டரா, ஒரு லிட்டரா?" என்றார்.