படத்தொகுப்பு மேசையிலிருந்து வந்த டேவிட் லீன்

நேயர்கள் அனைவருக்கும் என் வணக்கம்.

'லாரன்ஸ் ஆஃப் அரேபியா' படத்தில், கெய்ரோவில் ஓர் அலுவலக அறையில், கதைநாயகனான ஆங்கில அதிகாரி லாரன்ஸ் எரியும் தீக்குச்சியை முகத்தருகே பிடித்து, ஒரு கணம் பார்த்து, ஊதி அணைக்கிறான். அந்த மூச்சொலி அடங்குமுன் திரை முழுவதும் பாலைவனத்தின் செம்மை படிந்த அடிவானம் விரிகிறது. சற்றுப் பொறுத்துத்தான் சூரியன் மெல்ல எழுகிறது. ஒரு காட்சி கரைந்து மற்றொன்றாக மாறும்படிதான் திரைக்கதையில் திட்டமிடப்பட்டிருந்தது. ஆனால் கரைத்துச் சேர்க்கும் வேலை நடக்குமுன், இரு துண்டுகளையும் நேராக ஒட்டி ஓட்டிப் பார்த்தபோது, இயக்குநர் டேவிட் லீனும் படத்தொகுப்பாளர் ஆன் கோட்ஸும் அந்த நேரடி வெட்டையே வைத்துக்கொள்வதென முடிவு செய்தார்கள். படத்தொகுப்பு மேசையில் பல ஆண்டுகளைக் கழித்த எனக்கு, லீன் யார் என்பதைச் சொல்ல இந்த ஓர் இடமே போதும் என்று தோன்றுகிறது.

லீன் 1908ஆம் ஆண்டு மார்ச் 25 அன்று லண்டனை அடுத்த கிராய்டனில் பிறந்தார். பெற்றோர் குவேக்கர் என்னும் கிறித்தவப் பிரிவினர். திரைப்படம் பார்ப்பது அவ்வீட்டில் விலக்கப்பட்ட செயல். வீட்டு வேலைக்கு வந்த பெண்மணி தாம் பார்த்த சாப்ளின் படங்களைச் சமையலறையில் நடித்துக் காட்ட, அதைப் பார்த்தே அச்சிறுவன் சினிமாவை அறிந்தான். பிறகு மாமா ஒருவர் ஒரு பெட்டிக் கேமராவைப் பரிசாகத் தந்தார். தந்தையின் கணக்காயர் அலுவலகத்தில் சில காலம் மனம் ஒட்டாமல் உழைத்துவிட்டு, 1927இல் கோமான்ட் படப்பிடிப்பு நிலையத்தில் தேநீர் கொண்டு கொடுக்கும் பையனாகச் சேர்ந்தார்.

அங்கே கிளாப் பலகை தட்டி, படத்தொகுப்பு அறைக்குள் நுழைந்து, செய்திப் படங்களைத் தொகுக்கும் பொறுப்புக்கு உயர்ந்தார். இந்தச் செய்திப் படங்களைச் சாதாரணமாக எண்ணிவிடக் கூடாது. திரையரங்குக்குப் போய்ச் சேர வேண்டிய நேரம் கழுத்தைப் பிடிக்க, எந்தத் துண்டை வைப்பது, எங்கே வெட்டுவது என்று கண்ணும் கையும் ஒன்றாக முடிவெடுக்கப் பழகிய பள்ளிக்கூடம் அது. 1942இல் நாடகாசிரியர் நோயல் கவர்டுடன் இணைந்து தம் முதல் படத்தை இயக்கியபோது, அவருக்கு ஏறத்தாழப் பதினைந்து ஆண்டுக் கால அனுபவம் இருந்தது.

1945இல் வெளியான 'பிரீஃப் என்கவுன்டர்' என் நெஞ்சுக்கு மிக நெருக்கமானது. போர் முடியாத அந்த நாட்களில், லண்டனிலிருந்து வெகுதொலைவில் உள்ள கார்ன்ஃபோர்த் ரயில் நிலையத்தில் இரவு நேரங்களில் அதன் காட்சிகளை எடுத்தார்கள். மணமான ஒரு பெண்ணும் மணமான ஒரு மருத்துவரும், இனிச் சந்திப்பதில்லை என்று முடிவெடுத்து, நிலையச் சிற்றுண்டி அறையில் கடைசியாக உட்கார்ந்திருக்கிறார்கள். அந்நேரம் பார்த்து, அறிமுகமான ஒரு பெண்மணி வந்தமர்ந்து ஓயாமல் பேசுகிறார். ரயில் வந்துவிட்டது. விடைபெற ஒரு சொல்லுக்கும் வழியின்றி, மருத்துவர் அவள் தோளில் கையை வைத்து ஒரு முறை அழுத்திவிட்டுப் போய்விடுகிறார். எத்தனை பக்க வசனமும் அந்தக் கையழுத்தத்துக்கு ஈடாகாது என்றே நான் நினைக்கிறேன்.

டிக்கன்ஸின் இரண்டு நாவல்களைப் படமாக்கிய பின், 1957இல் 'தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்' வந்தது. இலங்கையின் கித்துல்கலையில், களனி ஆற்றின் மேல் மரப்பாலம் கட்டி எடுத்த அப்படம் ஏழு ஆஸ்கர் விருதுகளைப் பெற்றது. தமிழராகிய நாம் ஒன்றை இங்கே நினைவுகூர வேண்டும்: இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் போர்க்கைதிகளைக் கொண்டு போட்ட ரயில்பாதையின் பாலம் ஒன்றுதான் அப்படத்தின் கதை; சயாம் மரண ரயில்பாதை எனப்படும் அந்தப் பாதையில், மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டு செல்லப்பட்ட தமிழ்த் தொழிலாளர்கள் பல்லாயிரக்கணக்கில் மாண்டார்கள். போர்க்கைதிகளின் கதையைச் சொன்ன அப்படத்தில் அவர்களுக்கு இடமில்லை. படத்தின் கலைத்திறனை மெச்சும்போதும் இந்த வருத்தம் எனக்குத் தீர்வதில்லை.

1962இல் வந்த 'லாரன்ஸ்' படத்துக்கும் ஏழு ஆஸ்கர். ஜோர்டான் பாலையில், கிணற்றடியில் லாரன்ஸ் நிற்க, கானல் நீருக்குள் ஒரு கரும்புள்ளி அசைகிறது. அது ஒட்டகமா, மனிதனா என்று தெரியவே நெடுநேரம் ஆகிறது. ஒளிப்பதிவாளர் ஃபிரெடி யங் இதற்கென்றே நெடுந்தொலைவு லென்ஸ் ஒன்றைப் பயன்படுத்தினார். வேகமாக வெட்டப் பழகிய ஒருவர், வெட்டாமல் காத்திருக்கவும் கற்றிருந்தார்.

'டாக்டர் ஷிவாகோ' பெருவெற்றி கண்டது. 1970இல் வந்த 'ரையன்ஸ் டாட்டர்' படத்துக்குப் பின், நியூயார்க்கில் விமர்சகர்கள் கூடி அவர் முகத்துக்கு நேரே கடுமையாகக் கேள்வி கேட்டார்கள். அந்தக் காயம் ஆழமானது. அடுத்த படம் வெளிவரப் பதினான்கு ஆண்டுகள் ஆயின. பெங்களூரையும் அதைச் சுற்றியுள்ள பாறைக் குன்றுகளையும் களமாகக் கொண்டு எடுத்த 'எ பாசேஜ் டு இந்தியா' 1984இல் வெளியானது. அதன் படத்தொகுப்பைத் தம் பெயரிலேயே தாமே செய்தார்.

எண்பது வயதைக் கடந்த பின்னும் அவர் அந்த மேசைக்குத் திரும்பினார். வெட்டிச் சுருக்கப்பட்டிருந்த 'லாரன்ஸ்' படத்தை மீட்டெடுத்து, 1989இல் மறுபடியும் வெளியிட்டார்கள். கிடைத்த துண்டுகள் சிலவற்றுக்கு ஒலி இல்லை. பீட்டர் ஓ'டூல் உள்ளிட்ட நடிகர்கள் வந்து, ஏறத்தாழக் கால் நூற்றாண்டுக்கு முன் பேசிய வசனங்களைத் தம் இளம் உதடுகளுக்கு ஏற்ப மறுபடி பேசிக் கொடுத்தார்கள். அந்தத் துண்டுகளைச் சேர்த்து இறுதி வடிவம் தந்தவர் லீன். 1991 ஏப்ரல் 16 அன்று அவர் மறைந்தபோது, எழுத்தாளர் ஜோசப் கான்ராடின் 'நோஸ்ட்ரோமோ' நாவலைப் படமாக்கும் ஆயத்தத்தில் இருந்தார்.

வணக்கம்.