ஐநாவில் எடுபட்டவர் செர்பியாவில் ஏன் எடுபடவில்லை?

நேயர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "செர்பியாவின் முன்னாள் வெளியுறவு அமைச்சர் வூக் யெரெமிச், ஐநா பொதுச்செயலாளர் பதவிக்கே போட்டியிட்டவர். சொந்த நாட்டில் அவர் ஏன் பெரிய தலைவராகவில்லை?"

முதலில் ஆளைப் பார்ப்போம். 1975-இல் பெல்கிரேடில் பிறந்தவர். கேம்பிரிட்ஜில் இயற்பியல் படித்தார், அப்புறம் ஹார்வர்டு. பள்ளியில் அவருக்கு உளவியல் எடுத்த ஆசிரியர் போரிஸ் தாடிச். அந்த வாத்தியார் 2004-இல் செர்பியாவின் அதிபரானார். 2007-இல் மாணவர் வெளியுறவு அமைச்சர். வயது 31.

மறு வருடமே, 2008 பிப்ரவரியில், அதுவரை செர்பியாவின் மாகாணமாக இருந்த கொசோவோ தன்னைத் தனி நாடு என்று அறிவித்துக்கொண்டது. அமெரிக்காவே அதை ஏற்றுக்கொண்டபின் செர்பியா என்ன செய்ய முடியும்? விஷயத்தை ஹேக்கில் உள்ள சர்வதேச நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனார் யெரெமிச். அதற்கு ஐநா பொதுச்சபையின் ஒப்புதல் வேண்டும். அக்டோபரில் ஓட்டெடுப்பு நடந்தது: ஆதரவு 77, எதிர்ப்பு 6, விலகி நின்றவை 74. இந்தியாவும் ஆதரவுப் பக்கம்தான்.

ஆனால் கேட்ட கேள்வியைப் பாருங்கள். 'அந்தச் சுதந்திரப் பிரகடனம் சர்வதேசச் சட்டத்துக்கு உட்பட்டதா?' அவ்வளவுதான். பிரிந்துபோக கொசோவோவுக்கு உரிமை உண்டா, அது நாடாகிவிட்டதா என்று கேட்கவே இல்லை. நீதிபதிகளும் கெட்டிக்காரர்கள், கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னார்கள். 2010 ஜூலை 22 அன்று 10-க்கு 4 என்ற கணக்கில், பிரகடனம் சட்டத்தை மீறவில்லை என்றார்கள். மற்றதில் வாய் திறக்கவில்லை. அது தீர்ப்புகூட இல்லை, ஆலோசனைக் கருத்துதான். இருந்தாலும் ஊர் அதைத் தோல்வியாகத்தான் பார்த்தது.

சரி, தோற்றாலும் நாடுகளிடம் ஓட்டு சேர்க்கும் வித்தை கைவந்துவிட்டது. 2012 ஜூனில் பொதுச்சபைத் தலைவர் பதவிக்கு லிதுவேனியாக்காரரை 99-85 என்று தோற்கடித்தார். இத்தனைக்கும் தாடிச் அதற்கு முந்தைய மாதம்தான் அதிபர் தேர்தலில் தோற்றிருந்தார். 2016-இல் பொதுச்செயலாளர் போட்டி. இங்கே முதலில் ஓட்டுப் போடுவது 15 நாடுகள் கொண்ட பாதுகாப்புச் சபை. ஒரு சுற்றில் இரண்டாவது இடம்வரை வந்தார். கடைசியில் போர்ச்சுகலின் முன்னாள் பிரதமர் குட்டெரெஸுக்கு 13 ஆதரவு, ஓர் எதிர்ப்பும் இல்லை; பதவி அவருக்குப் போனது.

இப்போது உள்ளூருக்கு வருவோம். 2013-இல் சொந்தக் கட்சியே அவரை வெளியேற்றியது. 2017 அதிபர் தேர்தலில் அப்போதைய பிரதமர் வூச்சிச்சுக்கு 55 சதவீதம். யெரெமிச்சுக்கு 6 சதவீதம்கூட இல்லை, நான்காவது இடம். மூன்றாவதாக வந்தவர் யார் தெரியுமா? வெள்ளை சூட் போட்டுக்கொண்டு அரசியல்வாதிகளைக் கிண்டலடித்த லூகா மக்சிமோவிச் என்ற 25 வயது இளைஞர்!

என்னைக் கேட்டால், ஐநாவில் மொத்தமே 193 ஓட்டு. ஒவ்வொருவரையும் நேரில் பார்த்துப் பேசிவிடலாம். செர்பியாவில் வாக்காளர்கள் 60 லட்சத்துக்கும் மேல். அதற்கு ஊர் ஊராகக் கட்சி ஆட்கள் வேண்டும், தொலைக்காட்சி வேண்டும். இரண்டும் வூச்சிச் கையில். தேர்தலில் தோற்ற அதே 2017-இல் யெரெமிச் 'மக்கள் கட்சி'யைத் தொடங்கினார். 2023 டிசம்பர் தேர்தலில் அது நாடாளுமன்றத்துக்குள் நுழையத் தேவையான 3 சதவீதத்தைத் தொடவில்லை. கட்சித் தலைவர் பதவியிலிருந்து அவரும் விலகிவிட்டார்.