எங்கள் ஊர்ப் பேச்சை யார் வாயில் வைக்கிறார்கள்?

(மதுரையில் கல்லூரித் தமிழ் மன்றம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம்.

மேடைக்கு வருவதற்கு முன் முன்வரிசை மாணவிகளிடம் ஒன்று கேட்டேன். வெளியூரில் போய் "மதுரை" என்று சொன்னதும் எதிரில் இருப்பவர் என்ன கேட்கிறார்? மூன்று பேரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள்: "அருவா எங்க?" நான் சென்னைக்கு வேலை தேடிப் போன காலத்திலும் வாடகைக்கு வீடு கொடுத்தவர் இதைத்தான் கேட்டார். அருவாள் என் வீட்டில் தேங்காய் வெட்டத்தான் இருந்தது.

சென்னையில் சில ஆண்டுகள் தொலைக்காட்சித் தொடர்களுக்கு வசனம் எழுதினேன். அங்கே ஓர் ஊர் எப்படித் தயாராகிறது என்பதைப் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். கதை மதுரையில் நடக்கும். வீடு சென்னைப் புறநகரில் வாடகைக்கு எடுத்த பங்களா. இரண்டு மூன்று நாள் இங்கே வந்து கோபுரத்தையும் தெப்பக்குளத்தையும் எடுத்துக்கொண்டு போவார்கள். அந்தக் காட்சிகள் மாதக்கணக்கில் திரும்பத் திரும்ப வரும். நாயகிக்குத் தமிழ் தாய்மொழியாக இருக்காது, டப்பிங் குரல்தான். நாளைக்கு எபிசோடு போயாக வேண்டும். மதுரை ஏற்ற இறக்கத்தை உட்கார்ந்து சொல்லித்தர யாருக்கு நேரம்? அதனால் ஒரு ஊரின் மொத்தப் பேச்சும் "அங்கிட்டு, இங்கிட்டு, வந்தாய்ங்க" என்ற மூன்று சொல்லில் முடிந்துபோகும்.

அந்த மூன்றையாவது சரியாகப் போட்டார்களா என்றால் அதுவும் இல்லை. நம் வீட்டில் பயலுகதான் "வந்தாய்ங்க". வாத்தியார் வந்தால் "வந்தாங்க". தொடரில் மாமனார், கலெக்டர், சாமியார் எல்லோருமே "வந்தாய்ங்க". மரியாதைக்கும் உரிமைக்கும் இங்கே தனித்தனி விகுதி இருக்கிறது என்பதே அழிந்து, மதுரைக்காரனுக்கு மரியாதை தெரியாது என்பது மட்டும் பார்ப்பவர் மனதில் நின்றுவிடுகிறது.

இதைவிட எனக்கு வலித்தது வேறு. ஒரு தொடரில் மதுரையில் பிறந்து, இங்கேயே படித்த டாக்டர் பெண் ஒருத்தி. அவளை நம் ஊர்ப் பேச்சிலேயே எழுதினேன். காகிதம் திரும்பி வந்தது. ஓரத்தில் சிவப்பு மையில், "டாக்டர் இப்படிப் பேசமாட்டார்" என்று எழுதியிருந்தார்கள். பெரியாஸ்பத்திரிக்கு ஒருநாள் போய் நின்று பாருங்கள், டாக்டர்கள் எந்தத் தமிழில் பேசுகிறார்கள் என்று! அதே தொடரில் அடியாளுக்கு நான் எழுதிய மதுரைப் பேச்சில் ஒரு எழுத்தைக்கூட யாரும் திருத்தவில்லை.

அப்புறம்தான் மற்ற ஊர்களையும் கவனிக்க ஆரம்பித்தேன். பம்ப்செட்டும் நூலும் பேரம் பேசி விற்ற கொங்குத் தமிழ், டிவியில் சிரிப்புக்காரருக்கு. நெல்லைத் தமிழ் அல்வாக்கடைக்கு. இராமநாதபுரம் என்றால் அதிகாரி மிரட்டும் "தண்ணியில்லாக் காடு"; அத்தனை கண்மாய்களை வெட்டி மழையைப் பிடித்து வைத்து, முண்டு மிளகாய் விளைவித்த மாவட்டம் அது. வடசென்னைத் தமிழ் ரவுடிக்கு. 2024இல் அமெரிக்காவில் கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்ற காசிமா அந்த வடசென்னைப் பெண்தான், ஆட்டோ ஓட்டுநரின் மகள். திருவண்ணாமலை, கள்ளக்குறிச்சிப் பக்கத்துத் தமிழையோ கேலி செய்யக்கூட யாரும் எடுத்ததில்லை. விடிய விடியத் தெருக்கூத்து நடக்கும் பூமி, சின்னத்திரையில் ஊமையாக இருக்கிறது.

பெருமையையும் இதே டிவிதான் கொடுத்தது. 1975 ஆகஸ்ட் 15 அன்று சென்னைத் தொலைக்காட்சி தொடங்கியது. 1993 தமிழ்ப் புத்தாண்டு நாளில் சன் டிவி வந்தது. அப்போதெல்லாம் நம் கோபுரம் திரையில் தெரிந்தாலே தெருவே கத்தும். ஆனால் காட்டிய பெருமையிலும் அருவாள் கலந்திருந்தது. நம் பிள்ளைகள் அதை அப்படியே வாங்கிக்கொண்டார்கள். "நாங்கெல்லாம் மதுரக்காரய்ங்க" என்று பிளெக்ஸ் வைப்பதும், பிறந்தநாள் கேக்கை வாளால் வெட்டிப் படம் பிடித்துப் போட்டு போலீஸ் ஸ்டேஷனில் நிற்பதும் அங்கிருந்து வந்ததுதான்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்கிறேன். "மதுரை வீரம்" என்று திரையில் வருவது பல நேரம் ஒரு சில சாதிகளின் பெருமை. சுங்குடிச் சேலைக்கு முடிச்சுப் போடும் சௌராஷ்டிரக் குடும்பம், நெல்பேட்டை முஸ்லிம் வீடு, மாட்டுத்தாவணியில் விடியுமுன் மல்லிகை எடை போடும் பெண், சித்திரைத் திருவிழாவுக்கு மறுநாள் வைகைக்கரையைக் கூட்டும் தூய்மைப் பணியாளர் எல்லோரும் இந்த ஊர்தான். அவர்களுக்கு அந்தப் பெருமையில் இடமே இல்லை.

2022இல் ஒரு மெகா தொடரில் நடிகர் மாரிமுத்து அய்யா வந்தார். தேனி மாவட்டத்துக்காரர். "ஏய் இந்தாம்மா" என்று அவர் சொன்னது தமிழ்நாடு முழுக்கப் பரவியது. டப்பிங் இல்லாத, மண்ணில் விளைந்த குரல். கேட்கக் கேட்கச் சந்தோஷமாக இருந்தது. அதே நேரத்தில், வீட்டுப் பெண்களை அடக்கி ஆளும் ஒருவரின் வாய் வழியாகத்தான் அந்தக் குரல் வர வேண்டுமா என்ற வருத்தமும் எனக்கு இருந்தது, இப்போதும் இருக்கிறது.

வேறு மாதிரியும் நடந்திருக்கிறது. 2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுப் போராட்டத்தின்போது அலங்காநல்லூரிலும் மதுரை தமுக்கம் மைதானத்திலும் நேரலை மைக்கை நீட்டினார்கள். மாடு வளர்க்கும் பெண்கள் தங்கள் பேச்சில் நிதானமாக நியாயம் கேட்டார்கள். மறுவருடம் புதுக்கோட்டை மாவட்டத்து செந்தில் கணேஷ், நாட்டுப்புறப் பாட்டைப் பாடியே சூப்பர் சிங்கர் பட்டத்தை வென்றார். இந்த இரண்டு இடத்திலும் யாரும் ஊர்ப் பேச்சை நடித்துக்காட்டவில்லை. பேசுகிறவர்களே பேசினார்கள், பாடுகிறவரே பாடினார்.

சிவப்பு மை போட்ட அந்தக் காகிதத்தை நான் எறியவில்லை. இந்தக் கல்லூரிக் காட்சித் தொடர்பியல் மாணவர்கள் அதைக் கேட்டு வாங்கியிருக்கிறார்கள், குறும்படமாக எடுக்கப்போகிறார்களாம். டாக்டராக நடிக்கப்போகும் பெண் இதோ மூன்றாவது வரிசையில் இருக்கிறாள். அவளுடைய முதல் வசனத்தை வாசிக்கிறேன்:

"ஒண்ணுமில்ல அப்பத்தா, பயப்படாதீங்க. ரத்தம் கொஞ்சம் கம்மியா இருக்கு, அம்புட்டுத்தேன். இந்த மாத்திரைய ராத்திரி சாப்பிட்டுப் போடுங்க. வர்ற செவ்வாக்கெழம இங்கிட்டே வந்து என்னையப் பாருங்க. வேற எங்கிட்டும் போக வேணாம்."