32 சென்ரிமீற்றரைக் கண்டுபிடித்துவிட்டோம்!

வணக்கம் உறவுகளே. இன்றைக்கும் இரணைமடுக் குளக்கட்டில்தான் நிற்கிறேன், காற்றுச் சத்தம் கேட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள். நான் படிப்பிக்கிற பள்ளி விட்டதும் சாப்பிடக்கூட வீட்டுக்குப் போகவில்லை, நேரே இங்கே வந்துவிட்டேன். இதை உடனே உங்களிடம் சொல்ல வேண்டும்.

போன கிழமை வீடியோவில் சொன்ன பெடியன் ஞாபகம் இருக்கிறதா? தரம் 9, நீளம் பாய்தல். ஓட்டத்தில் அவனைப் பிடிக்க ஆளில்லை, பாய்ச்சல் மட்டும் 4.60 மீற்றரைத் தாண்டுவதில்லை. "முழங்காலை உயர்த்தடா" என்று இரண்டு மாதமாகக் கத்தினேன். பிழை முழங்காலில் இல்லை. அதைக் கண்டுபிடித்தவள், உடற்கல்விப் பாடம் என்றாலே வேப்பமரத்தடியை விட்டு எழும்பாத ஒரு பிள்ளை. அவளிடம்தான் என் போனைக் கொடுத்து, மிதிபலகைக்கு நேர் பக்கவாட்டில் இருத்தினேன்.

மிதித்து எழும்பும்போது கால் பலகையில் நிற்கும் நேரம் ஏறத்தாழ ஒரு செக்கனில் எட்டில் ஒரு பங்கு. சாதாரண வீடியோ செக்கனுக்கு 30 படம் எடுக்கும், அதில் அந்தக் கால் நாலு படத்தோடு முடிந்துவிடும். ஸ்லோமோஷனில் 240 வைத்தால் 30 படம் கிடைக்கும். அவள் விரலால் ஒவ்வொரு படமாகத் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். பிறகு, "சேர், இவன் பலகையைக் குனிஞ்செல்லோ பாக்கிறான்" என்றாள்.

பார்த்தால் உண்மைதான். கடைசி மூன்று காலடியிலும் தலை குனிகிறது, காலடி குறுகுகிறது, பலகை வர முன்னமே எழும்பிவிடுகிறான். பெருவிரல் நுனியில் புழுதி கிளம்புகிற அந்தப் படத்தை நிறுத்திவைத்து, நிலத்தில் அதே இடத்தைத் தேடி நாடா பிடித்தோம். பலகையின் மணற்பக்க விளிம்புக்கு 32 சென்ரிமீற்றர் பின்னால்! பாய்ச்சலை அந்த விளிம்பிலிருந்துதான் அளப்பார்கள். அவ்வளவும் ஒவ்வொரு தடவையும் வீணாகப் போயிருக்கிறது. இன்று தொடக்க அடையாளத்தை முன்னுக்குத் தள்ளி, மணலுக்கு அப்பால் நிற்கிற பனையைப் பார்த்துக்கொண்டு ஓடச் சொன்னோம். நாலாவது பாய்ச்சல் 4.87!

சரி, ரைபோட் கதை, அதுதான் போனை நிறுத்திவைக்கிற முக்காலி. கிளிநொச்சி டவுனில் ஒரு கடையில் 3,400 ரூபா கொடுத்து வாங்கினேன். இரண்டாம் நாளே போனைப் பிடிக்கிற கவ்வி முறிந்துவிட்டது. கொண்டுபோனால், "போன் பாரம் கூட" என்கிறார்கள். போனுக்கென்று விற்ற சாமானுக்குப் போன் பாரமாம்! மாற்றியும் தரவில்லை. 3,400 ரூபா உறவுகளே, அந்தக் காசுக்குச் சுண்ணாம்பு வாங்கியிருந்தால் மைதானத்துக்கு எத்தனை தடவை கோடு போட்டிருக்கலாம். கடைசியில் பிள்ளைகளே வழி கண்டார்கள். பழைய சைக்கிள் ரியூப்பை இரண்டு விரல் அகலத்துக்கு வெட்டி, ஒரு பனங்குற்றியில் போனை இறுக்கிக் கட்டினார்கள். ரப்பர் என்றபடியால் வழுக்கவுமில்லை, காற்றுக்கு ஆடவுமில்லை. ரியூப் சைக்கிள் கடையில் சும்மா கிடைத்தது.

ஐயோ, முக்கியமானதை விட்டுவிட்டேன். படம் எடுக்க முதல் எல்லாப் பெற்றோரிடமும் கையெழுத்து வாங்கினோம். விருப்பமில்லாத பிள்ளையை ஒரு படத்திலும் எடுப்பதில்லை. எடுத்தது ஒரு மெமரி கார்டில் இருக்கும், வட்ஸ்அப்புக்கும் ரிக்ரொக்குக்கும் போகாது. இந்தச் சனலிலும் போடமாட்டேன், தயவுசெய்து கேட்காதீர்கள். வளருகிற பிள்ளையின் உடம்பை ஊரெல்லாம் பார்த்துக் கதைப்பது எனக்குக் கொஞ்சமும் பிடிக்காது.

சுகாதாரப் பாடத்துக்குப் பிள்ளைகளே 90 செக்கன் படம் எடுத்தார்கள், தலைப்பு பாம்புக்கடி. வயலுக்குப் போகிற எங்கள் பிள்ளைகளுக்குப் புடையனைப் பற்றிச் சொல்லித்தரத் தேவையில்லை, ஆனால் கடித்தால் என்ன செய்வது? முதல் எடுப்பில் ஒருவன் சாரத்தைக் கிழித்துக் காலை இறுக்கிக் கட்டினான், இன்னொருவன் கடிவாயை வெட்டப் பிளேட்டோடு வந்தான். கமராவுக்குப் பின்னால் நின்ற பிள்ளை, "நிப்பாட்டு, அது பிழை" என்றாள். பத்து நிமிடம் வாக்குவாதம். நான் வாயே திறக்கவில்லை. அவர்களே தேடி வாசித்துத் திருத்தினார்கள்: இறுக்கிக் கட்டக்கூடாது, வெட்டக்கூடாது, உறிஞ்சக்கூடாது. ஆளை அசையவிடாமல் வைத்து, மோதிரம் காப்பைக் கழற்றி, அம்புலன்ஸ் இலக்கமான 1990க்கு அழைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். இதையே கரும்பலகையில் எழுதிப்போட்டிருந்தால் கொப்பியில் பார்த்து எழுதிவிட்டுப் போயிருப்பார்கள். யூரியூபில் யாரோ எடுத்ததைப் போட்டுக் காட்டுவதில் எனக்கு நம்பிக்கையே இல்லை. பிள்ளை தானே எடுக்க வேண்டும், பிழையைத் தானே வெட்ட வேண்டும்.

வீடியோவை நிறுத்தி நிறுத்தி அளக்கிற கினோவியா என்ற மென்பொருள் பற்றிப் போனமுறை கேட்டிருந்தீர்கள். இலவசம்தான், விண்டோஸ் கணினியில் போட்டு முழங்கால் கோணத்தை அளக்கலாம். எங்கள் பழைய கணினியிலும் மெதுவாக ஓடுகிறது.

வியாழக்கிழமை அஞ்சலோட்டம், கோல் மாற்றுகிற கையைப் படம் பிடிக்கப் போகிறோம். 4x100இல் மாற்றும் வலயம் 2017 நவம்பரிலிருந்து 30 மீற்றர். எங்கள் மைதானத்தில் இன்னும் பழைய 20 மீற்றர்க் கோடுதான் கிடக்கிறது. நாளைக்குக் காலமை மணி அடிக்க முதல் அதை அழித்துப் புதிதாகப் போட வேண்டும். போகிற வழியில் சுண்ணாம்பு வாங்கிக்கொண்டு போகிறேன், வியாழன் சந்திப்போம்.