ஒரே நாளில் ஏன் கரண்ட் வைப்பதில்லை?

நேயர்களுக்கு வணக்கம். கழுத்தில் மையால் இட்ட அடையாளக் கோடு அழிந்துவிடாதபடி துண்டைத் தளர்த்திப் போட்டுக்கொண்டு, மன்னார்குடிப் பக்கத்திலிருந்து விடியற்காலைப் பேருந்தில் தஞ்சாவூருக்குப் புற்றுநோய்க்கான கதிர்வீச்சுச் சிகிச்சைக்கு, பேச்சுவழக்கில் 'கரண்ட் வைக்க', வந்துபோகும் பெரியவர் ஒருவர், "ஏழு வாரம் எதுக்குங்கய்யா? மொத்தக் கரண்டையும் ஒரே நாள்ல வெச்சு முடிச்சா என்ன?" என்று என்னிடம் கேட்டார். நியாயமான கேள்வி.

அவருக்கு ஒரு நாளைக்கு 2 கிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு) வீதம், வாரத்துக்கு ஐந்து நாளாக 35 நாள்கள். ஒரு கிரே கதிர்வீச்சு, ஒரு செல்லின் டி.என்.ஏ.வில் ஏறத்தாழ 1,000 ஒற்றை இழை முறிவுகளையும், இரண்டு இழைகளும் சேர்ந்து அறுபடும் முறிவுகளில் ஏறத்தாழ 40ஐயும் உண்டாக்குகிறது. ஒற்றை இழை அறுந்தால் எதிர் இழையைப் பார்த்துச் செல் விரைவிலேயே சரிசெய்துவிடும். இரண்டும் அறுவதுதான் ஆபத்து.

அப்போது ஏ.டி.எம். என்னும் நொதி விழித்துக்கொண்டு, முறிவின் இருபுறமும் டி.என்.ஏ. சுற்றிக்கொண்டிருக்கும் ஹிஸ்டோன் புரதங்களில் பாஸ்பேட்டால் குறியிடுகிறது. அந்தக் குறியைப் பற்றிக்கொள்ளும் ஒளிரும் எதிர்ப்பொருளைச் சேர்த்து நுண்ணோக்கியில் பார்த்தால், நீல நிற உட்கருவுக்குள் பச்சைப் புள்ளிகள் தெரியும். அரைமணி நேரத்தில் நிறைந்திருக்கும் அப்புள்ளிகள், மறுநாள் பார்க்கையில் ஒன்றிரண்டாகக் குறைந்திருப்பதை எத்தனை முறை கண்டாலும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

ஐப்பசி அடைமழையில் நள்ளிரவு வெண்ணாற்றுக் கரை உடைத்துக்கொண்டால், ஊரார் அளவு பார்த்துக்கொண்டா இருப்பார்கள்? கிடைத்த சவுக்குக் கட்டையையும் மணல் மூட்டையையும் போட்டு அடைப்பார்கள். பாலூட்டிகளின் செல்களும் பெரும்பாலும் அப்படித்தான் செய்கின்றன: கூ என்னும் வளையப் புரதம் அறுந்த முனைகளைப் பற்றிக்கொள்ள, லைகேஸ் 4 என்னும் நொதி ஒட்டிவிடுகிறது, டி.என்.ஏ.வின் ஓரிரு எழுத்துகள் விட்டுப்போகக்கூடும். டி.என்.ஏ. நகலெடுக்கப்பட்ட பிறகு என்றால், பி.ஆர்.சி.ஏ. 2 புரதத்தின் துணையோடு, பக்கத்திலுள்ள நகலைப் பார்த்துப் பிழையின்றிச் சீரமைக்கவும் செல்லுக்கு வழி உண்டு.

இந்த வேலைக்குச் சில மணி நேரம் வேண்டும். 70 கிரேயையும் ஒரே நாளில் தந்தால் கழுத்துத் தோலும் தண்டுவடமும் தாங்கா. நாளுக்கு 2 கிரே என்றால் நலமான செல்கள் மறுநாளைக்குள் பெரும்பாலும் தேறிவிடும். பழுதுபார்க்கும் புரதங்களில் கோளாறு உள்ள புற்றுச் செல்கள் பலவற்றால் அது இயலாது.

இதைச் சொன்னதும், "அப்ப அறுவடைக்கு ஒரு வாரம் விட்டுட்டு வரட்டுமா?" என்றார் பெரியவர். கூடாது என்றேன்; இடைவெளி நீண்டால் எஞ்சிய புற்றுச் செல்களும் பெருகத் தொடங்கிவிடும். மகனை வயலில் நிறுத்திவிட்டு, மறுநாளும் அதே பேருந்தில் வந்திறங்கினார்.